தகப்பன் குழாயும் தாய்க் குழாயும்

"மாதா கோயில் மூடியைத் திறந்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும்."

இது என்ன விபரீதம் என்று கேட்கிறீர்களா? மாதா கோயிலுக்கு மூடி உண்டா? அதற்குள் எண்ணெய் எங்கிருந்து வந்தது?

அகராதி செய்த வேலை இது. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரியைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அகராதியை மட்டும் நம்பி அதை இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால், முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வாக்கியம் வந்து நிற்கும்.

டேங்கர் லாரியின் முதுகில் வட்டமான மூடிகள் வரிசையாக இருக்கும். பார்த்திருப்பீர்கள். ஜெர்மானியர் அதை "டோம்டெக்கெல்" என்கிறார்கள். "டெக்கெல்" என்றால் மூடி. "டோம்" என்றால்? கொலோன் நகரத்தில் வானத்தைத் தொடுவது போல் நிற்கிறதே பெரிய மாதா கோயில், அதற்குப் பெயர் டோம். தொட்டியின் மேல் குவிந்து நிற்கும் கழுத்துப் பகுதிக்கும் அதே பெயர். அகராதியைப் புரட்டினால் கோயில்தான் முதலில் கண்ணில் படும். இங்கிலாந்து லாரிக்காரர் அந்த மூடியை "மேன்லிட்" என்பார். ஆள் இறங்கும் வாயின் மூடி என்று பொருள். அமெரிக்கர் "மேன்ஹோல் கவர்" என்பார். கோயில் என்று யாரும் சொல்வதில்லை.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த லாரிக்குள் இருப்பது முப்பதாயிரம் லிட்டருக்கு மேல் பெட்ரோல்.

1987-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி ஹெர்போர்ன் என்ற சிறிய ஜெர்மன் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். மலைச் சரிவில் இறங்கி வந்த டேங்கர் லாரி ஒன்றின் பிரேக் பிடிக்கவில்லை. ஊருக்குள் பாய்ந்த லாரி, ஐஸ்கிரீம் கடை ஒன்றின் அருகில் கவிழ்ந்தது. பெட்ரோல் தெருவில் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கியது. பிறகு தீப்பிடித்து வெடித்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. பிரேக் பிடிக்காததற்கும் மொழிபெயர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வண்டியில் ஒரு வால்வின் பெயரை மாற்றி எழுதினால் விளையாட்டாகப் போய்விடாது என்பதற்காகச் சொன்னேன்.

டேங்கர் லாரிகளும், அவற்றுக்கு வேண்டிய வால்வு, குழாய், மூடி, மீட்டர் முதலிய சாமான்களும் ஜெர்மனியில் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. பல தேசங்களுக்குப் போகின்றன. ஒவ்வொன்றுடனும் ஒரு குறிப்புப் புத்தகம் போக வேண்டும். அதை இங்கிலீஷில் எழுதுபவர் பெரும்பாலும் லாரியின் மேல் ஏறிப் பார்த்தவர் அல்ல. மேஜை முன் உட்கார்ந்து மொழி அறிந்தவர். அவர் படும் பாட்டைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தகப்பனும் தாயும்

லாரியில் இருந்து பெட்ரோலை இறக்க ரப்பர் குழாய் மாட்ட வேண்டும். குழாயின் முனையில் ஓர் இணைப்பு. லாரியில் ஓர் இணைப்பு. ஒன்றை மற்றொன்றுக்குள் பொருத்திப் பூட்டுவார்கள். ஜெர்மானியர் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஒன்று "ஃபாட்டர்", மற்றது "முட்டர்". அதாவது தகப்பன், தாய்! சாமான் பட்டியலில் ஒன்றை "வி.கே." என்றும், மற்றதை "எம்.கே." என்றும் சுருக்கிப் போடுவார்கள். தகப்பன் இணைப்பு, தாய் இணைப்பு என்பதன் முதல் எழுத்துக்கள் அவை.

இங்கிலீஷ்காரர் இவற்றை ஆண், பெண் என்பதோடு நிறுத்திக் கொள்கிறார். ஜெர்மானியர் கல்யாணம் செய்து, குழந்தையும் பெறச் செய்து விட்டார்!

இதோடு தீர்ந்ததா? இல்லை. ஜெர்மன் மொழியில் "முட்டர்" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. போல்ட்டில் திருகுகிறோமே நட்டு, அதற்கும் முட்டர் என்றுதான் பெயர். தாயார்கள் பலர் என்றால் "மூட்டர்". நட்டுகள் பல என்றால் "முட்டர்ன்". பன்மையில் பிழைத்தோம். ஒருமையில் அகப்பட்டுக் கொண்டோம். ஒரு பட்டியலில் முட்டர் என்று மட்டும் இருந்தால், அது குழாயின் பெண் இணைப்பா, அல்லது சாதாரண நட்டா? படத்தைப் பார்த்தால் தெரியும். படம் இல்லாவிட்டால்? எழுதியவரையே கேட்க வேண்டியதுதான். கேட்க வெட்கப்படுபவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

இரண்டு குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு வகை நட்டுக்கு "ஊபர்வுர்ஃப்முட்டர்" என்று பெயர். சொல்லுக்குச் சொல் எழுதினால் "மேலே எறியப்பட்ட தாய்" என்று வரும். எந்த மகனாவது பொறுப்பானா? இங்கிலீஷ் பட்டறையில் அது வெறும் "யூனியன் நட்டு".

கிணற்றடியிலும் ஒரு வால்வு

தொட்டியின் அடியில், உட்புறமாக ஒரு வால்வு இருக்கிறது. லாரி ஓடும்போது அது மூடியே இருக்க வேண்டும். விபத்தில் வெளியே உள்ள குழாய் பிய்த்துக்கொண்டு போனாலும், உள்ளே இருக்கும் இந்த வால்வு எண்ணெயை விடாது. ஜெர்மானியர் சொல்லும் பெயர் "போடன்வென்டீல்". போடன் என்றால் தரை. நிலம் என்றும் பொருள். சில இடங்களில் வீட்டின் மேல் பரணுக்கும் அதே சொல்! கீழே இருப்பதும் போடன், மேலே இருப்பதும் போடன்.

இங்கிலாந்து லாரிக்காரர் இதை "ஃபுட் வால்வு" என்பார். நம் ஊர் விவசாயிகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். "ஃபுட் வால்வு எங்கள் கிணற்றில் அல்லவா இருக்கிறது!" உண்மைதான். பம்பு செட்டின் உறிஞ்சு குழாய் அடியில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வுக்கும் இங்கிலீஷில் அதே பெயர். ஜெர்மானியருக்கு இந்தக் குழப்பம் இல்லை. கிணற்று வால்வை அவர்கள் "கால் வால்வு" என்பார்கள். லாரி வால்வைத் "தரை வால்வு" என்பார்கள். குழப்பம் இங்கிலீஷில்தான். அமெரிக்காவுக்குப் போனால் லாரி வால்வின் பெயரே வேறு. அங்கே அது "எமர்ஜென்சி வால்வு". ஆபத்துக் கால வால்வு.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதை எந்த ஊர்க்காரர் படிக்கப் போகிறார்?" என்பதுதான். இங்கிலாந்தில் லாரி, அமெரிக்காவில் டிரக். இங்கிலாந்தில் பெட்ரோல், அமெரிக்காவில் கேசொலின், பேச்சில் "கேஸ்". காலன் அளவிலும் இருவரும் ஒத்துப் போவதில்லை. இங்கிலாந்துக் காலன் சுமார் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் சுமார் 3.785 லிட்டர். ஆயிரம் காலன் என்று எழுதி, யாருடைய காலன் என்று சொல்லாமல் விட்டால் 760 லிட்டர் வித்தியாசம் வரும். தொட்டி வழிய அது போதாதா?

நிறைகுடம் தளும்பாது

நீண்ட தொட்டிக்குள் எண்ணெய் அரை அளவு இருந்தால் என்ன ஆகும்? லாரி பிரேக் போட்டால் அலை எழும்பி முன்னே மோதும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கம் சாய்ந்து லாரியையே கவிழ்க்கப் பார்க்கும். அதற்காக உள்ளே குறுக்கே தகடுகள் வைக்கிறார்கள். அவற்றில் ஓட்டைகள் இருக்கும். எண்ணெய் மெதுவாக மறுபக்கம் போகலாம், பாய முடியாது. இதற்கு "ஷ்வால்வாண்ட்" என்று பெயர். அலைச் சுவர் எனலாம்.

இதே தொட்டிக்குள் வேறொரு சுவரும் உண்டு. அது "ட்ரென்வாண்ட்", பிரிக்கும் சுவர். அதில் ஓட்டையே கிடையாது. ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் டீசல். இரண்டையும் வெறுமனே "சுவர்" என்று எழுதிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர் உண்டானால், ஓட்டை உள்ள சுவரை நம்பி யாராவது இரண்டு எண்ணெய்களை ஊற்றும் நாளும் உண்டாகும்.

ஐரோப்பாவில் அபாயமான சரக்குகளைச் சாலையில் கொண்டு போவதற்கு ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 1957-ல் ஜினீவாவில் செய்தார்கள். 1968-ல் அமலுக்கு வந்தது. அதில் ஒரு விதி: இத்தகைய திரவம் ஏற்றும் தொட்டி, சுவர்களால் 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகப் பிரிக்கப்படாமல் இருந்தால், அதை நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமல் நிரப்ப வேண்டும், அல்லது 20 பங்குக்கு மேற்படாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் கூடாது. நிறைகுடம் தளும்பாது என்று நம் பாட்டிமார் சொன்னதையே ஜினீவாவில் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

எல்லைக்கு விலை கொடுப்பவன்

இனி இருப்பதிலேயே முக்கியமான சாமானுக்கு வருவோம். அதன் பெயர் "கிரென்ஸ்வெர்ட்கேபர்". மூச்சு வாங்குகிறதா? மூன்றாக வெட்டுங்கள். "கிரென்ஸ்" எல்லை. "வெர்ட்" மதிப்பு. "கேபர்" கொடுப்பவன். எல்லை மதிப்பைக் கொடுப்பவன். அகராதி வழியே போனால் "எல்லைக்கு விலை கொடுப்பவன்" என்று யாரோ ஒரு சுங்க அதிகாரியைப் போல் ஆகிவிடும்.

குளிர் காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க ஜெர்மனியில் பல குடும்பங்கள் எண்ணெய் எரிக்கின்றன. எண்ணெய்த் தொட்டி நிலவறையில் இருக்கும். லாரி தெருவில் நிற்கும். ஓட்டுநர் குழாயை வீட்டுச் சுவரில் உள்ள வாயில் மாட்டுவார். நிலவறைத் தொட்டி நிரம்பிவிட்டதா என்று தெருவில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? நிரம்பியதும் நிறுத்தாவிட்டால் வீடே எண்ணெய்க் குளம் ஆகும்.

அதற்குத்தான் இந்தக் கருவி. நிரப்பக் கூடிய எல்லைக்கு நேராகத் தொட்டிக்குள் ஒரு சிறு உணர் கருவி தொங்குகிறது. லாரியில் இருந்து ஒரு கம்பி அதற்கு வரும். சிறிது மின்சாரம் பாய்ந்து அது சூடாகவே இருக்கும். சூடாக இருக்கும் வரை மின்சாரத்தை அதிகம் விடாது. எண்ணெய் ஏறி வந்து அதைத் தொட்டதும் சட்டென்று குளிர்ந்து விடும். குளிர்ந்தால் மின்சாரம் தாராளமாகப் பாயும். அந்தச் செய்தி லாரிக்குப் போய் வால்வு தானே மூடிக்கொள்ளும். இந்தச் சின்னப் பொருளை ஜெர்மானியர் "கால்ட்லைட்டர்", குளிரில் கடத்துபவன் என்கிறார்கள். அழகான பெயர். இங்கிலீஷில் இப்படி ஒரு சொல் இல்லை. "பி.டி.சி. தெர்மிஸ்டர்" என்று சொன்னால்தான் எலெக்ட்ரீஷியனுக்கு விளங்கும்.

எல்லை மதிப்பைக் கொடுப்பவனை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? தொட்டி வழியாமல் தடுக்கும் உணர் கருவி என்ற பொருளில் "ஓவர்ஃபில் பிரிவென்ஷன் சென்சர்" என்பதுதான் தொழில் வழக்கு. ஜெர்மன் பெயர் கருவி கொடுக்கும் தகவலைச் சொல்கிறது. இங்கிலீஷ் பெயர் அது எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. என்னைக் கேட்டால் இங்கிலீஷ் பெயர்தான் மேல். எதற்காக என்று தெரியாத சாமானை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் 2005-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பன்ஸ்ஃபீல்டு என்ற இடத்து எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் தொட்டி ஒன்று நிரம்பி வழிந்தது. மட்டம் காட்டும் கருவி நகராமல் நின்று விட்டது. அது தவறினால் தடுக்க வேறொரு சுவிட்சும் இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை. லட்சக்கணக்கான லிட்டர் வழிந்து, ஆவியாகிப் பரவி, வெடித்தது. நாற்பது பேருக்கு மேல் காயம். நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை.

அந்தச் சுவிட்ச் ஏன் வேலை செய்யவில்லை? அதில் சோதனைக்கான கைப்பிடி ஒன்று உண்டு. அது சரியான இடத்தில் நிற்க ஒரு பூட்டுப் போட வேண்டும். யாரும் தொடாமல் இருக்கத்தான் பூட்டு என்று மாட்டியவர்கள் நினைத்தார்கள். பூட்டுப் போடவில்லை. பூட்டு இல்லாவிட்டால் சுவிட்சே வேலை செய்யாது என்ற விஷயம், செய்தவரிடம் இருந்து மாட்டியவருக்குப் போய்ச் சேரவில்லை. இத்தனைக்கும் இரு தரப்பாரும் இங்கிலீஷ்காரர்கள். நடுவில் வேற்று மொழியும் புகுந்திருந்தால் என்ன சொல்வது?

காலி என்றால் காலியா?

குழாயிலும் இரண்டு ஜாதி. வேலை முடிந்த பிறகும் எண்ணெய் நிரம்பியே இருக்கும் குழாய் ஒன்று. ஜெர்மானியருக்கு அது "நிறை குழாய்". ஒவ்வொரு முறையும் வடித்து விடப்படும் குழாய் மற்றது. அது "காலிக் குழாய்". அமெரிக்க அளவை விதிகளில் இவை "ஈரக் குழாய்", "உலர் குழாய்" என்று வருகின்றன. சர்வதேச அளவை விதிகளிலோ ஜெர்மன் மாதிரியே நிறை, காலி. எதை எழுதினாலும், ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

காலி என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. பெஞ்சமின் லீ உவோர்ஃப் என்ற அமெரிக்கர் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். மொழி ஆராய்ச்சியும் செய்தார். ஆலைகளில் ஏன் தீப்பிடிக்கிறது என்று ஆராய்வது அவர் உத்தியோகம். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். "காலி பீப்பாய்" என்று பெயர் போட்ட இடத்தில் தாராளமாகச் சிகரெட் பிடிக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். உண்மையில் அபாயம் காலிப் பீப்பாயில்தான் அதிகம். அதற்குள் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கிறது. 1941-ல் வெளியான அவருடைய கட்டுரையில் இதை எழுதினார். ஒரு சொல் மனிதனை ஏமாற்றித் தீக்குச்சியைக் கிழிக்க வைக்கிறது!

அந்த ஆவியை வீணாக வெளியே விடாமல் இருக்கவும் ஒரு ஏற்பாடு உண்டு. பங்க்கில் லாரி பெட்ரோலை இறக்கும்போது, நிலத்தடித் தொட்டியில் இருந்த ஆவி வெளியேறும். இன்னொரு குழாய் வழியாக அதை லாரிக்கே திருப்பி விடுகிறார்கள். பெட்ரோல் அந்தப் பக்கம்; ஆவி இந்தப் பக்கம். கடிகாரத்தின் ஊசல் போல. ஆகவே "காஸ்பெண்டெலுங்", காஸ் ஊசலாட்டம். அமெரிக்கரிடம் "கேஸ்" என்று சொன்னால் பெட்ரோலையே நினைப்பார். "ஆவி" என்று எழுதினால்தான் பிழைத்தோம்.

சாம்பிராணி வாசனை

எண்ணெய்களின் பெயர்கள் இன்னும் வேடிக்கை. ஜெர்மானியர் பெட்ரோலை "பென்சீன்" என்கிறார்கள். இங்கிலீஷில் "பென்சீன்" என்பது வேறு. இரத்தப் புற்றுநோய் உண்டாக்கக் கூடிய திரவம் அது. ஒலி ஒன்றே, ஒன்றை மற்றதாக எழுதினால் எச்சரிக்கைப் பலகையே பொய்யாகிவிடும்.

மோட்டார் செய்த கார்ல் பென்ஸின் பெயரால் வந்தது பென்சீன் என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. அவர் பிறப்பதற்கு முன்பே, 1833-ல் மிட்ஷெர்லிஹ் என்ற விஞ்ஞானி, சாம்பிராணிப் பிசினில் கிடைக்கும் அமிலத்தைச் சுண்ணாம்புடன் காய்ச்சி ஒரு திரவம் எடுத்தார். அதற்கு இட்ட பெயர் பென்சீன். லீபிக் என்ற மற்றொரு விஞ்ஞானி அதைப் "பென்சோல்" என்று மாற்றச் சொன்னார். பழைய பெயர் பிற்காலத்தில் பெட்ரோலுக்குப் போய்விட்டது. சாம்பிராணியை அராபியர் "லுபான் ஜாவி", ஜாவாத் தூபம் என்றார்கள். அந்தச் சொல் ஐரோப்பாவில் தேய்ந்துதான் "பென்சாயின்" ஆயிற்று. வெள்ளிக்கிழமை நம் வீட்டில் போடும் தூபத்துக்கும், ஜெர்மன் பங்க்கில் எழுதியிருக்கும் பெயருக்கும் இப்படி ஓர் உறவு!

மண்ணெண்ணெய்க்கு வந்தால் தலை சுற்றும். ஜெர்மானியர் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயைப் "பெட்ரோலியம்" என்கிறார்கள். அவர்கள் "கெரசின்" என்றால் ஆகாய விமான எரிபொருள். இங்கிலாந்தில் விளக்கு எண்ணெய்க்குப் பெயர் "பாரஃபின்". அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பாரஃபின் என்றால் மெழுகு!

அகராதி செய்தவர்கள்

இந்தத் தொல்லையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எஞ்சினீயர்கள் உணர்ந்தார்கள். 1901-ல் ஜெர்மன் எஞ்சினீயர்கள் சங்கம் மூன்று மொழித் தொழில் அகராதி ஒன்றைத் தொடங்கியது. அகர வரிசையில் சொற்களைச் சேர்த்தார்கள். சீட்டுகள் லட்சக் கணக்கில் குவிந்தன. இந்த வேகத்தில் போனால் முடிக்கப் பல பத்து ஆண்டுகள் ஆகும் என்று கண்டு, 1907-ல் கைவிட்டார்கள்.

அதே சமயத்தில் ஆல்ஃபிரட் ஷ்லோமான் என்ற எஞ்சினீயர் வேறு வழியில் போனார். சொல்லை விட்டுச் சாமானைப் பிடித்தார். ஆணி ஒரு பக்கம், நட்டு ஒரு பக்கம் என்று வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, பக்கத்தில் ஆறு மொழிப் பெயர்களையும் எழுதினார். 1906-ல் முதல் தொகுதி வந்தது. பிறகு தொகுதி தொகுதியாக வந்து கொண்டே இருந்தது. படத்தைப் பார்ப்பவனுக்குத் தாயும் நட்டும் குழம்பாதல்லவா? ஆஸ்திரியாவில் ரம்பத் தொழிற்சாலை வைத்திருந்த ஓய்கன் வ்யூஸ்டர் என்பவர், 1931-ல் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். கலைச் சொற்களை ஆராய்வது தனி சாஸ்திரம் ஆனது அவரால்தான்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் மொழிபெயர்த்துத் தருகிறது. ஆனாலும் அனுபவசாலிகள் சாமானின் படத்தைக் கேட்டு வாங்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

மொழிபெயர்ப்பே வேண்டாத இடம் ஒன்று அந்த லாரியில் உண்டு. முன்னும் பின்னும் ஆரஞ்சு நிறப் பலகை. அதில் மேலும் கீழும் இரண்டு எண்கள். மேலே 33, கீழே 1203 என்றால் பெட்ரோல். 30, 1202 என்றால் டீசல். மேலே உள்ளது அபாயத்தின் வகை; கீழே உள்ளது ஐக்கிய நாடுகள் சபை வகுத்த சரக்கு எண். அடுத்த முறை நம் ஊர் டேங்கர் லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். அந்த 1203 அதன் முதுகிலும் எழுதியிருக்கும். பெட்ரோலியம், பாரஃபின், கெரசின் என்று ஆளுக்கொரு பெயர் சொன்ன மண்ணெண்ணெய்க்கு 1223.